வில்ஃப்ரிடின் வாழ்க்கையை எழுத உட்காரும் முன்

ஏழாம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தில் பிஷப்பாக இருந்தவர் வில்ஃப்ரிட். நான் முதல்முறை எழுதிய அவருடைய வரலாற்றில், ரிப்பன் மடத்தை அவருக்கு அன்போடு எழுதிக் கொடுத்த அதே இளவரசன், முப்பது வருடம் கழித்து அரசனாக உட்கார்ந்து அவரை நாட்டைவிட்டுத் துரத்தினான். ஏன் இப்படி மனம் மாறினான் என்று ஒரு பத்தி உருக்கமாக வேறு எழுதியிருந்தேன். உண்மையில் மடத்தைக் கொடுத்தவன் அல்ஃப்ரித். துரத்தியவன் ஆல்ட்ஃப்ரித். ஒரே அப்பாவுக்கு வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேர். பிழைப்புக்கு மெய்ப்புத் திருத்துகிறவன் நான். அடுத்தவர் எழுத்தில் ஒரு ஒற்று விட்டுப்போனால் கண்ணில் குத்தும். என் எழுத்தில் ஒரு முழு மனிதனே விட்டுப்போனது தெரியவில்லை.

அதனால் முதல் வேலை பெயர்ப் பட்டியல். கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: யார் மகன், எங்கே ஆண்டான், எந்த வருடத்துக்குப் பிறகு அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அல்ஃப்ரித் 664-ஐ ஒட்டிக் காணாமல் போகிறான். ஆல்ட்ஃப்ரித் 685-இல் பட்டத்துக்கு வருகிறான். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால் அந்த உருக்கமான பத்திக்கு வேலையே இருந்திருக்காது. ஒலிபெயர்ப்பில் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை விடாதீர்கள். கதையில் வரும் இன்னொரு அரசனான எக்ஃப்ரித்தின் பெயரைப் பழைய ஆங்கில உச்சரிப்பில் ‘எட்ஜ்ஃப்ரித்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் வேறு புத்தகத்தில் தேடுகிறவருக்கு ஆளே கிடைக்கமாட்டார். நான் எக்ஃப்ரித் என்றே எழுதுகிறேன்.

அப்புறம் ‘பிஷப்’ என்ற சொல். தமிழில் இதில் ஒரு குழி இருக்கிறது. கத்தோலிக்கர் பிஷப்பை ஆயர் என்பார்கள், ஆர்ச்பிஷப்பைப் பேராயர் என்பார்கள். தென்னிந்தியத் திருச்சபையிலோ பிஷப்பே பேராயர்தான். வில்ஃப்ரிட் கதையின் பாதிச் சண்டை அவருக்கும் கேன்டர்பரியின் ஆர்ச்பிஷப் தியடோருக்கும் நடுவே. இரண்டு பேரையும் பேராயர் ஆக்கிவிட்டால் யார் யாருக்கு மேல் என்பதே புரியாமல் போகும். வில்ஃப்ரிட் ஆயர், தியடோர் பேராயர் என்று முதல் பக்கத்திலேயே முடிவுகட்டிவிடுங்கள்.

சரி, இப்போது நோட்டை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஸ்டீஃபன், வலப்பக்கம் பீட். ஸ்டீஃபன் ரிப்பன் மடத்துக் குரு, வில்ஃப்ரிடின் ஆள். வில்ஃப்ரிட் இறந்து சில வருடங்களிலேயே லத்தீனில் அவருடைய வாழ்க்கையை எழுதிவிட்டார். மெய்க்கீர்த்தியைப் படிக்கிற கண்ணோடு அதைப் படிக்க வேண்டும். முன்னுரையிலேயே கத்பர்ட் என்ற இன்னொரு ஆயரின் வரலாற்றிலிருந்து வரிகளை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார். பீட் ஜாரோ மடத்துத் துறவி. 731-இல் முடித்த தன் திருச்சபை வரலாற்றில் வில்ஃப்ரிடைப் பல இடங்களில் தொட்டுப் போகிறார், ஐந்தாம் பகுதியில் மொத்தமாகவும் சுருக்கித் தருகிறார். வில்ஃப்ரிடோடு நேரில் பேசியவர் அவர்.

ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். 664-இல் விட்பியில் ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்று வழக்கு. அயர்லாந்து வழக்கத்துக்காக ஆயர் கால்மன் பேசுகிறார், ரோம் வழக்கத்துக்காக வில்ஃப்ரிட். முப்பது வயதைத் தாண்டாத குரு அவர். விண்ணகத்தின் சாவி பேதுருவிடம் இருக்கிறதென்றால் அவரை ஏன் பகைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசன் ஒஸ்வியு தீர்ப்புச் சொன்னான். இதுவரை இருவர் சொல்வதும் ஒன்றுதான். ஆனால் ஸ்டீஃபன் எழுத்தில் அரசன் அந்தக் கேள்வியைப் புன்னகையோடு கேட்கிறான். பீட் எழுத்தில் அந்தப் புன்னகை இல்லை. வீட்டில் அரசி ஒரு நாள், தான் ஒரு நாள் ஈஸ்டர் கொண்டாடிச் சலித்துப்போனவன், தீர்ப்பை முன்பே முடிவுசெய்துவிட்டு வந்தானா? இப்படிக் கேட்க வைப்பது அந்த ஒற்றைச் சொல்தான். அதை விட்டுவிடாதீர்கள்.

தெற்கே சசெக்ஸ் நாட்டில் இது தலைகீழ். அங்கே அரசனையும் அரசியையும் மனம் திருப்பியது வில்ஃப்ரிட்தான் என்கிறார் ஸ்டீஃபன். அரசன் ஏற்கெனவே மெர்சியா என்ற இன்னொரு நாட்டில் ஞானஸ்நானம் பெற்றவன், அரசியும் கிறிஸ்தவள் என்கிறார் பீட். மூன்று வருடம் மழையில்லாமல் பஞ்சம், நாற்பது ஐம்பது பேராகக் கைகோத்துச் செங்குத்துப் பாறையிலிருந்து கடலில் குதித்தார்கள் என்ற கொடுமையும் பீட் சொல்லித்தான் தெரியும். மீன்வலைக் கதையும் அவரிடம்தான் இருக்கிறது. அங்குள்ளவர்களுக்கு விலாங்கு பிடிக்க மட்டுமே தெரியும். வில்ஃப்ரிடின் ஆட்கள் விலாங்கு வலைகளை ஒன்றுசேர்த்துக் கடலில் வீசி 300 மீன் பிடித்தார்கள். நூறு ஏழைகளுக்கு, நூறு வலை கொடுத்தவர்களுக்கு, நூறு தங்களுக்கு. என்னைக் கேட்டால், அவர் பிரசங்கங்களை எல்லாம் தள்ளிவிட்டு இந்தக் கணக்கை எழுதுவேன்.

ஒரு பக்கம் காலியாக நிற்கும் இடங்களில் பென்சிலால் வட்டம் போடுங்கள். 678-இல் எக்ஃப்ரித் அரசன் வில்ஃப்ரிடை விரட்டினான்; தியடோர் அவருடைய பெரிய மறைமாவட்டத்தைத் துண்டு போட்டார். வில்ஃப்ரிட் ரோமுக்குப் போய், போப் அகத்தோவிடம் தீர்ப்பு வாங்கி வந்தார். அது காசு கொடுத்து வாங்கிய தீர்ப்பு என்று சொல்லி அவரை ஒன்பது மாதம் சிறையில் போட்டார்கள். புனிதர்களின் எச்சங்களை வைக்கும் அவருடைய திருப்பண்டப் பேழையை அரசி பிடுங்கித் தன்னோடு வைத்துக்கொண்டாள். இதெல்லாம் ஸ்டீஃபன் சொல்வது. பீட் சிறையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் மடத்துக்கு நிலம் கொடுத்தவன் எக்ஃப்ரித். ஜாரோ தேவாலய அர்ப்பணிப்புக் கல்வெட்டில் அவனுடைய 15-ஆம் ஆட்சியாண்டு இன்றும் இருக்கிறது. அதனால்தான் மௌனம் என்பது என் ஊகம். ஊகம் என்று சொல்லியே எழுதுங்கள்.

அளவுகளை மாற்றாதீர்கள். சசெக்ஸின் செல்சியில் அவருக்குக் கிடைத்தது 87 குடும்பங்களுக்கான நிலம். அது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஏக்கராக மாற்றினால் பொய்யாகிவிடும். அந்த நிலத்தோடு வந்த 250 அடிமைகளையும் அவர் விடுவித்தார். இறந்த ஆண்டைச் சிலர் 709 என்றும் சிலர் 710 என்றும் கணக்கிடுகிறார்கள், இரண்டையும் போடுங்கள்.

ஹெக்ஸமில் அவர் கட்டிய நிலவறையின் வரைபடத்தைக் கட்டாயம் பாருங்கள். மேலே இருந்த தேவாலயம் போய்விட்டது, நிலவறை நிற்கிறது. பக்கத்து ரோமானியக் குடியிருப்பின் கற்களைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். ஒரு கல்லில் சக்கரவர்த்தி கெட்டாவின் பெயரை ரோமானியர்களே செதுக்கி அழித்த தடம் தெரியும். ரோமை அவ்வளவு நேசித்தவர் கட்டிய அறை என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

பிற்காலப் பயணங்களை வேகமாகக் கடந்துவிடலாம்: மறுபடி விரட்டல், எழுபது வயதில் மறுபடி ரோம், 706-இல் நிட் ஆற்றங்கரையில் சமாதானம். ஆனால் கடைசிப் பங்கீட்டில் நின்று எழுதுங்கள். ரிப்பன் கருவூலத்தைத் திறக்கச் சொல்லி, பொன்னையும் வெள்ளியையும் மணிகளையும் நான்கு பங்காக்கினார். மிகச் சிறந்த பங்கு ரோம் தேவாலயங்களுக்கு. ஒன்று ஏழைகளுக்கு. ஒன்று தன்னோடு நாடுகடந்து அலைந்தும் நிலம் கிடைக்காதவர்களுக்கு. மீதமிருந்த ஒன்று ரிப்பன், ஹெக்ஸம் மடங்களின் தலைவர்களுக்கு. அரசர்களின் நட்பையும் ஆயர்களின் நட்பையும் அதை வைத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஸ்டீஃபன் இதைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறார். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.