குளிர் முகப்பு வரும் நாளில் டொர்னாடோவுக்குத் தயாராவது எப்படி?

ஊரில் புயல் என்றால் சில நாள் அவகாசம் உண்டு. வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவானதுமே செய்தி வந்துவிடும், துறைமுகங்களில் கூண்டு ஏற்றுவார்கள், எங்கே எப்போது கரையைக் கடக்கும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடும். டொர்னாடோ, அதாவது இடிமேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழன்றடிக்கும் காற்றுத் தூண், அப்படியில்லை. இந்த வட்டாரத்தில் இன்று வரலாம் என்று காலையிலேயே சொல்லிவிடுவார்கள். ஆனால் உங்கள் தெருவை நோக்கி வருகிறது என்று தெரியும்போது கையில் பத்து நிமிடம் இருந்தாலே பெரிது. செய்ய வேண்டியதில் முக்கால்வாசியை அந்தப் பத்து நிமிடம் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் டெக்சஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா, டென்னசி, அலபாமா, ஜார்ஜியா பக்கம் குடியிருக்கும் குடும்பங்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கும் மார்ச் முதல் மே வரை இது தேவைப்படும்.

அந்த நாள் எப்படி நகரும்

மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரமான வெப்பக் காற்று தரையை ஒட்டி வடக்கே ஏறும். மேற்கிலிருந்து குளிர் முகப்பு, அதாவது குளிர்காற்று முன்னேறி வரும் எல்லைக்கோடு, நெருங்கிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் மேலே ஜெட் காற்று வேகமாக ஓடும். தரையில் காற்று ஒரு திசையில், மேலே இன்னொரு திசையில் பல மடங்கு வேகத்தில். இந்த வேறுபாடுதான் இடிமேகத்தைச் சுழல வைக்கிறது.

பெரிய நாட்களில் புயல் பெரும்பாலும் ஒரே தவணையில் வராது. விடியற்காலையில் ஒரு சுற்று மழை வரலாம். மதியத்துக்கு மேல், முகப்புக்கு வெகு முன்னாலேயே, தனித்தனி சூப்பர்செல் மேகங்கள், அதாவது தானே சுழலும் பெரிய இடிமேகங்கள், எழும்பலாம். பலமான, நீண்ட தூரம் ஓடும் டொர்னாடோக்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வருகின்றன. கடைசியாக மாலையிலோ இரவிலோ முகப்போடு சேர்ந்து நீண்ட கோடாகப் புயல் வரும். இந்தக் கோட்டில் பிறக்கும் டொர்னாடோ சில நிமிடமே நிற்கும், மழைக்குள் மறைந்திருக்கும், எச்சரிக்கை கிடைக்கும் நேரமும் குறைவு.

மக்கள் ஏமாறுவது முதல் சுற்றுக்குப் பிறகுதான். "காலையிலேயே கொட்டித் தீர்த்துவிட்டது, இனி ஒன்றுமில்லை" என்று நினைத்துவிடுகிறார்கள். 2011 ஏப்ரல் 27 அன்று அலபாமாவில் காலையில் அடித்த கோட்டுப் புயலே மின்சாரத்தையும் சில வானிலை வானொலி ஒலிபரப்பிகளையும் முடக்கிப்போட்டது. பிற்பகலில் டஸ்கலூசா, பர்மிங்ஹாம் வழியாக 80 மைல் ஓடிய டொர்னாடோ வந்தபோது பல வீடுகளில் எச்சரிக்கை கேட்க வழியில்லை. அந்த ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆகவே காலை மழை விட்டதும் போன் வானிலைச் செயலியில் ட்யூ பாயிண்ட் எண்ணைப் பாருங்கள். வெப்பநிலை அல்ல, காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டும் ட்யூ பாயிண்ட். 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்து, காற்று தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ அடித்துக்கொண்டிருந்தால் அடுத்த சுற்றுக்கு வேண்டிய ஈரம் அங்கேயே இருக்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் வெயில் அடித்தால் போதும். காற்று வடமேற்குக்குத் திரும்பி, அந்த எண் சரசரவென்று இறங்கினால்தான் முகப்பு உங்களைக் கடந்துவிட்டது என்று பொருள். அதுவரை நாள் முடியவில்லை.

வரைபடத்தின் நிறங்கள்

ஓக்லஹோமாவின் நார்மன் நகரிலுள்ள அமெரிக்க அரசின் புயல் கணிப்பு மையமான ஸ்டார்ம் ப்ரெடிக்‌ஷன் சென்டர் ஒவ்வொரு நாளுக்கும் ஐந்து படி அபாய வரைபடம் வெளியிடுகிறது: மார்ஜினல் கரும்பச்சை, ஸ்லைட் மஞ்சள், என்ஹான்ஸ்டு ஆரஞ்சு, மாடரேட் சிவப்பு, ஹை மெஜந்தா. அன்றைய வரைபடம் கோடை நேரக் கணக்கில் மத்திய நேரம் இரவு 1, காலை 8, 11:30, பிற்பகல் 3, இரவு 8 மணிக்குப் புதுப்பிக்கப்படும். காலை எட்டு மணிப் படத்தையும் பதினொன்றரை மணிப் படத்தையும் கட்டாயம் பாருங்கள். உங்கள் ஊர் ஒரு நிறம் மேலே ஏறியிருந்தால் மாலைத் திட்டங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

"டொர்னாடோ வாய்ப்பு 5 சதவீதம்" என்பதைப் பார்த்து அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. மழைக்குச் சொல்லும் சதவீதம் போன்றதல்ல இது. ஏதேனும் ஒரு புள்ளியைச் சுற்றி 25 மைலுக்குள் டொர்னாடோ வருவதற்கான வாய்ப்பு. சாதாரண நாளோடு ஒப்பிட்டால் ஐந்தே பெரிய எண். பத்தைத் தாண்டினால் குழந்தைகளின் மாலை வகுப்புகளை ரத்து செய்வதுதான் புத்திசாலித்தனம்.

வாட்ச், வார்னிங் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வாட்ச் என்றால் பெரிய பரப்பில் பல மணி நேரத்துக்குச் சூழல் கூடியிருக்கிறது என்று அர்த்தம்: போனை சார்ஜ் போடு, தாத்தா பாட்டியைக் கீழ்த்தளத்துக்கு அழைத்து வா. வார்னிங் என்றால் ராடாரில் சுழற்சி தெரிகிறது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள்: உடனே உள்ளே போ.

எச்சரிக்கை வந்து சேர மூன்று வழிகள்

ஊர் சைரனை நம்பித் தூங்காதீர்கள். அது வெளியில் இருப்பவர்களுக்கானது. ஏசி ஓடும் வீட்டுக்குள், இடிமழைச் சத்தத்தில் காதில் விழாது.

போனில் அரசு அவசர எச்சரிக்கைகள் அணைக்கப்படாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஐபோனில் நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்தின் அடியில் கவர்ன்மென்ட் அலர்ட்ஸ் இருக்கும். என்றோ ஒரு நாள் நள்ளிரவில் அலறியதற்காக எரிச்சலில் அணைத்தவர்கள் நிறைய. ஊரிலிருந்து வந்த பெற்றோரின் போனையும் சோதியுங்கள். டொர்னாடோ வார்னிங் என்றால் போன் அலறும். ஆனால் இடிப்புயல் வார்னிங்குக்கு எப்போதும் அலறாது. காற்று மணிக்கு 80 மைல் அல்லது ஆலங்கட்டி பேஸ்பால் அளவு, அதாவது 2.75 அங்குலம், என்று வரும்போதுதான் அனுப்புகிறார்கள்.

மூன்றாவது, நோவா வானிலை வானொலி, அதாவது அமெரிக்க அரசின் வானிலை எச்சரிக்கைகளை ஒலிக்கும் சிறு ரேடியோப் பெட்டி. சிறிய தொகைதான், தூக்கத்திலிருந்து எழுப்புவதற்கு இதைவிட நம்பகமான பொருள் இல்லை. வாங்கியதும் மூன்று வேலைகள். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள ஏழு அலைவரிசைகளில் தெளிவாகக் கேட்பதைத் தேர்ந்தெடுங்கள். லொகேஷன் அமைப்பில் உங்கள் கவுன்ட்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்றது) ஆறு இலக்க எண்ணைப் போடுங்கள். பேட்டரியைப் போட்டு, ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், வானொலி ஓட வேண்டும். எண் போடாமல் விட்டால் நூறு மைல் தள்ளியுள்ள கவுன்ட்டிக்கெல்லாம் அலறும், இரண்டே வாரத்தில் வீட்டில் யாராவது அதைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். டெக்சஸின் ஃப்ரிஸ்கோ ஊர் காலின், டென்டன் என இரண்டு கவுன்ட்டிகளில் கிடக்கிறது, அங்கே இருப்பவர்கள் 048085, 048121 இரண்டையும் போடுவது நல்லது. புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வருவதால் அந்தப் பக்கத்துக் கவுன்ட்டியையும் சேர்த்துக்கொண்டால் முன்கூட்டியே தெரியும்.

2020 மார்ச் 3 அன்று டென்னசியில் டொர்னாடோக்கள் நள்ளிரவுக்குப் பின் வந்தன. நாஷ்வில்லைத் தாண்டிக் கிழக்கே குக்வில் பக்கம் மட்டும் 19 பேர் இறந்தார்கள். தூங்கும் வீட்டில் ஒலிக்கும் கருவி ஒன்று இருப்பது அவ்வளவு முக்கியம்.

எந்த அறை

நம் ஊர் கான்கிரீட் வீட்டில் எந்த அறையும் ஓரளவு தாங்கும். இங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். வெளியே தெரியும் செங்கல் வெறும் தோல்தான், வீட்டைத் தாங்குவது அது அல்ல. கராஜ் கதவு பெரிதாகவும் பலவீனமாகவும் இருப்பதால் பல வீடுகளில் முதலில் அதுதான் பிய்ந்துகொள்ளும். காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தூக்கும், கூரை போனதும் வெளிச்சுவர்கள் சாயும். கடைசிவரை நிற்பது நடுவிலுள்ள சின்ன அறைகள்தான், குறுகிய இடைவெளியில் சுவர்கள் ஒன்றையொன்று தாங்குவதால்.

அதனால் தரைக்குக் கீழே பேஸ்மென்ட் இருந்தால் அங்கே. இல்லையென்றால் கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத உள் அறை: மாடிப்படிக்குக் கீழே உள்ள க்ளோசெட் (சாமான் வைக்கும் சிற்றறை), நடுவிலுள்ள குளியலறை, பல வீடுகளில் பூஜைக்கு ஒதுக்கிய உள் க்ளோசெட். உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை சுவர் என்று எண்ணுங்கள், அதிகமுள்ள இடமே இடம். ஜன்னல்களைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகும் என்பது பழைய தவறான யோசனை. உள்ளே காற்றை வரவேற்பதுதான் அது.

மூன்றாவது மாடி அபார்ட்மென்டில் இருந்தால் கீழ்த்தளத்து வீட்டாரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் நாளிலேயே கேட்டால் யாரும் மறுப்பது அபூர்வம். லீசிங் ஆபீஸின் கழிவறை இரவில் திறந்திருக்குமா என்றும் விசாரியுங்கள். இரு பக்கமும் திறந்த ப்ரீஸ்வே நடைபாதை வேண்டவே வேண்டாம், குப்பையும் கண்ணாடியும் அதன் வழியாகத்தான் பறக்கும். மொபைல் ஹோமில், அதாவது ஆலையில் செய்து கொண்டுவந்து நிறுத்திய லேசான வீட்டில், இருந்தால் வாட்ச் வந்தவுடனேயே கிளம்பிவிட வேண்டும், வார்னிங் வரை காத்திருப்பது பிந்திப்போன முடிவு.

புதிதாகப் பாதுகாப்பு அறை வாங்குவதாக இருந்தால் டொர்னாடோ அறைகளுக்கான ஃபெமா பி-361 அல்லது ஐசிசி-500 தரத்துக்கு உட்பட்டதா என்று எழுத்தில் கேளுங்கள். 15 பவுண்டு மரச்சட்டத்தை மணிக்கு 100 மைல் வேகத்தில் எய்து சோதிப்பார்கள், கதவும் சேர்ந்து அதைத் தாங்க வேண்டும். கதவு தேறவில்லை என்றால் அறை இருந்தும் பயனில்லை.

க்ளோசெட்டுக்குள் என்ன இருக்க வேண்டும்

முதலில் அங்கே அடைத்திருக்கும் சூட்கேஸ்களையும் அரிசி மூட்டையையும் வெளியே எடுங்கள். பிறகு ஆளுக்கொரு ஹெல்மெட். சைக்கிள் ஹெல்மெட், கிரிக்கெட் ஹெல்மெட் எதுவானாலும் சரி. தலைக்காயம்தான் உயிரை எடுக்கிறது. ஆளுக்கொரு ஜோடி கெட்டியான ஷூ. வீட்டுக்குள் வெறுங்காலில் நடக்கும் பழக்கம் நமக்கு, பிறகு ஆணியும் கண்ணாடியும் கிடக்கும் தரையில் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது. விசில், டார்ச், பவர் பேங்க், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் கணக்கில் தண்ணீர், ஒரு வாரத்துக்கான பிரஷர், சுகர் மாத்திரைகள். பாஸ்போர்ட், ஐ-797 (விசா ஒப்புதல்) தாள்களை ஜிப் உறையில் போட்டு அங்கேயே வையுங்கள்.

மெத்தையை இழுத்து வந்து மேலே போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். குயின் சைஸ் மெத்தையைப் படியில் இறக்குவதற்குள் நேரம் போய்விடும். கனமான கம்பளிகளை முன்பே உள்ளே வைத்துவிடுங்கள். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு ஒரு தாழ்வான ஸ்டூல் போடுங்கள். ஒருமுறை எல்லோரும் உள்ளே போய் உட்கார்ந்து, கடிகாரத்தில் நேரம் பாருங்கள். மாடியில் தூங்கும் குழந்தையையும் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வாட்ச் உள்ள இரவில் எல்லோரும் கீழேயே படுங்கள்.

வார்னிங் வந்ததும்

வெளியே எட்டிப் பார்க்க வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் கேட்க வேண்டாம். ராடார் செயலியில் தெரியும் படம் ஐந்து நிமிடம் பழையதாக இருக்கலாம். புயல் மணிக்கு 55 மைலில் ஓடினால் அந்த ஐந்து நிமிடத்தில் நான்கரை மைல் நகர்ந்திருக்கும். உள்ளே போய், குனிந்து, கழுத்தின் பின்புறத்தைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள். வார்னிங் காலாவதியாகும்வரை வெளியே வராதீர்கள்.

பிள்ளைகள் பள்ளியில் இருந்தால் அழைத்து வரக் கிளம்பாதீர்கள். வார்னிங் நேரத்தில் பள்ளிகள் குழந்தைகளை உள்ளேயே வைத்திருக்கும், உங்கள் காரைவிட அந்த உள் நடைபாதை மேல். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோ டொர்னாடோ 2.6 மைல் அகலம் விரிந்தபோது, இறந்தவர்கள் வாகனங்களில் சிக்கியவர்களே. தப்பிக்கக் கிளம்பியவர்களாலேயே ஓக்லஹோமா சிட்டி பகுதிச் சாலைகள் அடைத்துக்கொண்டன.

சாலையில் மாட்டிக்கொண்டால் அருகிலுள்ள கெட்டியான கட்டடத்துக்குள் ஓடுங்கள், பெட்ரோல் பங்க் கழிவறையும் சரி. மேம்பாலத்துக்கு அடியில் ஒதுங்காதீர்கள். அங்கே காற்று குறுகிய இடைவெளியில் வேகம் கூடிப் பாய்கிறது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில் மூன்று மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்களில் ஒவ்வொரு இடத்திலும் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. எதுவுமே இல்லையென்றால் சீட் பெல்ட்டுடன் ஜன்னல் மட்டத்துக்குக் கீழே குனிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் தாழ்வான பள்ளம் இருந்தால் அங்கே குப்புறப் படுத்துத் தலையை மூட வேண்டும்.

பிறகு

கேஸ் வாசனை வந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, தள்ளி நின்று போன் செய்யுங்கள். அறுந்த கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்றே எண்ணி ஒதுங்குங்கள். ஜெனரேட்டரை வீட்டிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளி வையுங்கள், கராஜில் கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாமல் கொல்லும். மூடியே வைத்த ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம். மாவும் சாம்பாரும் அதைத் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

எதையும் அப்புறப்படுத்தும் முன் ஒவ்வொரு அறையையும் கூரையையும் படமெடுத்து, பிறகு தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தார்ப்பாய்க்கான பில்லையும் பத்திரப்படுத்துங்கள். ஆலங்கட்டி அடித்த காருக்குக் காம்ப்ரிஹென்சிவ் காப்பீடு இருந்தால்தான் பணம் வரும், லயபிலிட்டி மட்டும் இருந்தால் வராது. டெக்சஸில் பல வீட்டுக் காப்பீடுகளில் காற்று, ஆலங்கட்டிக்குத் தனி டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கு, இருக்கும். அது வீட்டின் காப்பீட்டு மதிப்பில் ஒரு சதவீதம் அல்லது இரண்டு. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 டாலர் உங்கள் கையிலிருந்து. மறுநாளே கதவைத் தட்டி, "டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இங்கே ஒரு கையெழுத்து மட்டும்" என்று சொல்லும் கூரை ஒப்பந்தக்காரர்களுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். டிடக்டிபிளை அப்படி ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொள்வது டெக்சஸில் 2019 முதல் சட்டவிரோதம்.