ஊட்டியிலிருந்து சென்னைக்குத் தனியாகக் கார் ஓட்டி வருவது எப்படி

ஊட்டியிலிருந்து சென்னை சுமார் 560 கிலோமீட்டர். மேப் பத்து மணி நேரம் என்று காட்டினால் தனியாக ஓட்டுகிறவர் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். மாற்றி ஓட்ட ஆள் இல்லாதபோது ஓய்வும் பயணக் கணக்கில் சேர்த்திதான். எல்லோரும் பயப்படுவது மலை இறக்கத்துக்கு. ஆனால் இறக்கத்தில் யாருக்கும் தூக்கம் வராது. சேலம் தாண்டி மதியம் இரண்டு மணிக்கு, நேர்ச்சாலையில், வெயிலில்தான் கண் செருகும். திட்டத்தை அந்த மதியத்தை மனதில் வைத்துப் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டாம். தென் மாவட்டங்களுக்குப் போனவர்கள் அத்தனை பேரும் அன்று மாலை, தெற்கிலிருந்து சென்னைக்குள் நுழையும் ஜிஎஸ்டி சாலையில்தான் இருப்பார்கள்.

முந்தைய நாள் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் உள்ளனவா, ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் விஜயமங்கலம் தொடங்கி பரனூர் வரை டோல்கேட்டுகள் வரிசையாக வரும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகியிருந்தால், மலைக்கு ஏறும் முன்பே மாற்றியிருக்க வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் சேரச் சேர சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால், மிதிக்கும்போது அதிலுள்ள குமிழிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது.

இறங்க இரண்டு வழி. குன்னூர் பாதை தூரம் குறைவு, மேட்டுப்பாளையம் வரை சுமார் 52 கிலோமீட்டர். 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி பாதை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடுதல். கோடை சீசனில் இறங்கும் வண்டிகளைப் போலீஸே கோத்தகிரி பக்கம் திருப்பிவிடும். மற்ற மாதங்களிலும் தனியாக வருபவருக்குக் கோத்தகிரிதான் நல்லது, போக்குவரத்து குறைவு. மழைக்காலத்தில் மட்டும் எந்தப் பாதையில் மண் சரிந்திருக்கிறது என்று காலையிலேயே விசாரித்துவிடுங்கள்.

நன்றாக விடிந்தபின், ஆறரை மணி வாக்கில் கிளம்புங்கள். கோத்தகிரி பாதையில் குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசனில் யானைகள் சாலையைக் கடக்கும். இருட்டில் வளைவு திரும்பியதும் எதிரில் யானை நின்றால் ரிவர்ஸ் எடுக்க இடமிருக்காது. யானை தெரிந்தால் தள்ளியே நிறுத்துங்கள். ஹாரன் கூடாது, இறங்கிப் படம் எடுப்பதும் கூடாது.

இறக்கத்தின் விதி பழையதுதான்: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெரும்பாலும் இரண்டு, கொண்டை ஊசியில் தேவைப்பட்டால் ஒன்று. ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் மோடு. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளியில்தான் பிரேக் டிஸ்க் ஆறும். நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்பது தப்புக் கணக்கு. இன்றைய இன்ஜின்கள் கியரில் இருந்து ஆக்ஸிலரேட்டரை விட்டால் எரிபொருளை நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு எரியும். கருகிய நாற்றம் வந்தாலோ, பெடல் மெத்தென்று ஆழமாகப் போனாலோ, அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் கோணிக்கொள்ளும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

பாதி மலையில் கண்ணாடி திடீரென்று மங்கலாம். உள்பக்கம் என்றால் ஏசி போடுங்கள். வெளிப்பக்கம் என்றால் வைப்பர். கீழிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது, அவ்வளவுதான். ஊட்டியில் இறுக்கி மூடிய மெல்லிய பிளாஸ்டிக் டப்பா மேட்டுப்பாளையத்தில் ஒடுங்கிப்போயிருக்கும், கீழே காற்றழுத்தம் அதிகம். அதே காரணத்தால், ஊட்டியில் 33 பிஎஸ்ஐ காற்று வைத்த டயர் கீழே வந்ததும் கேஜில் கிட்டத்தட்ட 3 குறைத்துக் காட்ட வேண்டும். ஆனால் குளிரில் அடைத்த காற்று சூடாகி அந்த மூன்றை ஈடுகட்டிவிடும். ஓடிச் சூடான டயரில் அளந்துவிட்டுக் காற்றை இறக்காதீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஸ்வெட்டரைக் கழற்றி, டிபன் சாப்பிட்டு, அன்னூர் வழியாக அவிநாசி சேருங்கள். கோவைக்குள் நுழையத் தேவையில்லை. அங்கிருந்து சேலம் 120 கிலோமீட்டர் சொச்சம், நல்ல சாலை.

சேலத்தில் மதியச் சாப்பாட்டைப் பாதி வயிற்றோடு நிறுத்துங்கள். பிரியாணி சென்னையிலும் கிடைக்கும். அடுத்த 136 கிலோமீட்டர், உளுந்தூர்பேட்டை வரை, பயணத்திலேயே மோசமான பகுதி. சாலையை நான்கு வழியாகப் போட்டபோது ஊர்களைச் சுற்றும் புறவழிகளை இருவழியாக விட்டார்கள்; அகலப்படுத்தும் வேலை பிறகுதான் தொடங்கியது. சாலை குறுகும் இடத்திலும் திருப்பிவிடும் இடத்திலும் எதிர் வண்டி உங்கள் பக்கமே வரலாம். அங்கே முந்த வேண்டாம். கடைசியாகத் தாண்டிய ஊர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தது என்று நினைவுக்கு வராவிட்டால், ஏற்கெனவே பாதி தூங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் உதவாது. பெட்ரோல் பங்கில் ஓரமாக நிறுத்தி, ஒரு காபி குடித்து, உடனே இருபது நிமிடம் படுங்கள். எழும்போது காபி வேலை செய்யத் தொடங்கியிருக்கும்.

பஞ்சர் ஆனால் சாலை ஓரத்தில் மாற்றாமல், மெதுவாக உருட்டியாவது அகலமான இடத்துக்குக் கொண்டுபோங்கள். டயர் கெட்டாலும் பரவாயில்லை. நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால்சுற்று தளர்த்துங்கள். ஜாக்கியில் ஏற்றியபின் முயன்றால் சக்கரம் சுற்றும், வண்டி சரியும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

செங்கல்பட்டு தாண்டியதும் நெரிசல். பூந்தமல்லி, ஆவடி பக்கம் போகிறவர்கள் வண்டலூரிலேயே வெளிவட்டச் சாலையைப் பிடியுங்கள். ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) பக்கம் என்றால் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை.

மறுநாள் காலை முன் சக்கரங்களைப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு பிரேக் கருந்தூள் என்றால் சரி. ஒன்றில் மட்டும் அதிகமாக இருந்தாலோ, டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தாலோ, டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் சிக்கியிருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு அடுத்த பயணத்துக்கு எடுங்கள்.