லயத்து நாய்க்கும் ஒரு ஆள் வேணும்: இலங்கை மலைநாட்டுல நாய் பூனை வளக்குறவங்களுக்கு ஒரு மிருக டொக்டர் சொல்றது

யாராவது நாயைத் தூக்கிட்டு வந்தா நான் மொதல்ல கேக்குறது "யாரு நாய்?"னுதான். பாதி நேரம் வர்ற பதில் "லயத்து நாய்ங்க சேர்". லயம்னா தேயிலத் தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின வீடுங்க. சோறு அஞ்சாறு வீட்டுல கெடைக்கும், படுக்குறது ஏதாவது ஒரு இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில), புள்ளைங்க எல்லாரும் கொஞ்சும், ஆனா விசர் (வெறிநாய் நோய்) ஊசி எப்ப போட்டது, பூச்சி மருந்து எப்ப குடுத்ததுன்னு கேட்டா ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாப்பாங்க. அதனால நான் சொல்ற மொத வைத்தியத்துக்கு காசு செலவே இல்ல. லயத்துல ஒரு வீடு அந்த நாய்க்குப் பொறுப்பு எடுக்கணும். சோறு யாரு வேணாலும் போடுங்க, செலவையும் பங்கு போட்டுக்கோங்க, ஆனா ஊசிக் கார்டு ஒரே வீட்டுல இருக்கணும், "இன்னிக்கு இது திங்கலியே"ன்னு கவனிக்குற கண்ணு ஒண்ணு இருக்கணும். எல்லா வீட்டுலயும் சோறு திங்குற நாய் ரெண்டு நாளா எங்கயுமே திங்கலன்னு தெரிய வர்றப்போ பல நேரம் லேட்டாயிடுது.

கவனிக்குறதுன்னா என்ன பண்ணணும்? தெனமும் வேண்டாம், கெழமைக்கு (வாரத்துக்கு) ஒருக்கா போதும், வெளிச்சத்துல ஒரு அஞ்சு நிமிஷம். ஒதட்டத் தூக்கி ஈறு பாருங்க, நல்ல ரோஸ் கலர்ல இருக்கணும் (சில நாய்க்கு ஈறே கறுப்பா இருக்கும், அதுக்கு கண்ணோட கீழ் இமைய இழுத்து உள்பக்கம் பாருங்க). விரலால ஈற அமுக்கி விட்டா வெள்ளையாகி ரெண்டு செக்கனுக்குள்ள திரும்ப செவக்கணும். வெளிறிப் போயிருந்தா ரத்தம் கொறைஞ்சிருக்கு, கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம், நாளைக்குப் பாக்கலாம்னு விடாதீங்க. காது மணக்குதா, விரலிடுக்குல உண்ணி இருக்கா, வயித்துல கட்டி ஏதும் தட்டுப்படுதா, அவ்வளவுதான். மூக்கு காஞ்சிருக்கு அதனால காய்ச்சல்னு சொல்லிட்டு வருவாங்க, அத நம்பாதீங்க, அடுப்பு பக்கத்துல படுத்து எந்திரிச்ச எந்த நாய்க்கும் மூக்கு காஞ்சுதான் இருக்கும். நாயோட ஒடம்பு சூடு சாதாரணமாவே 38லருந்து 39 டிகிரி செல்சியஸ் வரைக்கும் இருக்கும், நம்ம கைக்கு எப்பவும் சுடுற மாதிரிதான் தெரியும்.

விசர் நோய்

இதுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்து வாசிங்க, ஏன்னா மத்ததுல பெரும்பாலும் சாவுறது நாய், இதுல மனுசனும் சேந்து சாவான். அறிகுறி வந்துட்டா நாய்க்கும் சரி மனுசனுக்கும் சரி காப்பாத்துற மருந்து கெடையாது.

விசர் நாய்னா வாயில நொரை தள்ளிட்டு தொரத்தித் தொரத்தி கடிக்கும்னுதான் எல்லாரும் நெனைக்குறாங்க. அப்படியும் வரும். ஆனா இன்னொரு விதம் இருக்கு, நாய் அமைதியா போயி கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சுக்கும், கீழ்த்தாடை தொங்கிரும், எச்சி ஒழுகும், குரல் மாறிரும், முழுங்க முடியாம தவிக்கும். பாக்குறவங்களுக்கு "கோழி எலும்பு தொண்டையில மாட்டிருச்சு போல"ன்னு தோணும், பாசத்துல வாய்க்குள்ள கைய விட்டு தேடுவாங்க. தயவுசெஞ்சு அந்த வேலை வேணாம். எச்சி ஒழுகி வாய் மூட முடியாத நாயை ஒரு ரூமுல போட்டு கதவ சாத்திட்டு எங்களுக்கு ஃபோன் பண்ணுங்க. மாடு வச்சிருக்கவங்களுக்கும் இதேதான், மாடு திங்காம, ஓயாம கத்திக்கிட்டு, எச்சி விட்டுக்கிட்டு நின்னா தொண்டைக்குள்ள கைய விடாதீங்க, மாட்டுக்கும் விசர் வரும்.

நாய், பூனை, கீரி எது கடிச்சாலும் பொறாண்டினாலும் ஒடனே பீலித் தண்ணியில (குழாயில ஓடுற தண்ணியில) சவுக்காரம் போட்டு 15 நிமிஷம் நல்லா கழுவணும். மணியப் பாத்து 15 நிமிஷம், சும்மா அலசிட்டு வர்றதில்ல. மஞ்சள், மொளகாத்தூள், சுண்ணாம்பு, தேயிலத்தூள் எதையும் அப்பாதீங்க, இறுக்கக் கட்டும் போடாதீங்க. கழுவிட்டு நேரா கவர்மெண்ட் ஆஸ்பத்திரி, அங்க ஊசி இலவசம். "சின்னக் குட்டிதானே கடிச்சது, பல்லே இப்பதான் மொளச்சிருக்கு"ன்னு சொல்லி வீட்டுல இருக்குறவங்கள நெனச்சாதான் எனக்கு வயித்தக் கலக்கும், குட்டிக்கும் விசர் வரும். கடிச்ச நாயை அடிச்சுக் கொல்லவும் வேணாம், தொரத்தவும் வேணாம், கட்டிப் போட்டு 14 நாள் பாக்கணும். அதுக்காக 14 நாள் முடியட்டும்னு நீங்க வீட்டுல உக்காந்திருக்கக் கூடாது, மொதல்ல ஆஸ்பத்திரி, ஊசி தொடரணுமா நிப்பாட்டலாமான்னு அங்க டொக்டர் முடிவெடுப்பாரு. நாய் செத்துட்டா பொதைக்குறதுக்கு முந்தி பிஎச்ஐ ஐயாவுக்கு (பொது சுகாதாரப் பரிசோதகருக்கு) சொல்லுங்க, தலைய கொழும்பு எம்ஆர்ஐக்கு (மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு) அனுப்பி டெஸ்ட் பண்ண வழி இருக்கு.

நாய்க்குப் போடுற விசர் ஊசியும் அரசாங்கத்துல இலவசம்தான். குட்டியில ஒண்ணு போட்டாச்சுன்னு விட்றாதீங்க, வருஷா வருஷம் போடணும். ஊசி போடுறவங்க தோட்டத்துக்கு வர்ற நாள் எல்லாரும் மலையில கொழுந்து எடுத்துட்டு இருப்பீங்க, நாய் தேயிலக்குள்ள ஓடிரும். முந்தின நாளே கோவில்லயோ பெரட்டுலயோ (காலையில வேலைக்குப் பேர் குடுக்குற எடத்துலயோ) சொல்லி வச்சு காலையிலயே கட்டிப் போட்டுட்டு போங்க. பொறுப்பான வீடு ஒண்ணு வேணும்னு சொன்னேன்ல, அது இதுக்கும்தான்.

மத்த ஊசி, பூச்சி மருந்து

பார்வோ, டிஸ்டெம்பர் (ரெண்டும் நாய்க்கு வர்ற வைரஸ் நோய்), எலிக்காய்ச்சல் இதுக்கெல்லாம் சேத்து ஒரு ஊசி இருக்கு, அது பெரும்பாலும் காசு குடுத்துதான் போடணும். 6லருந்து 8 கெழமைக்குள்ள ஆரம்பிச்சு, 3-4 கெழமைக்கு ஒருக்கா, குட்டிக்கு 16 கெழமை ஆகுற வரைக்கும். இடையில விட்டா போட்டதுக்கும் பெருசா பலன் இல்லாம போகலாம். குட்டி வாந்தி எடுத்து, நாத்தமா ரத்தத்தோட கழியுதுன்னா பார்வோவா இருக்கலாம், அன்னிக்கே கொண்டு வந்தா சேலைன் ஏத்தி நெறைய குட்டிய பொழைக்க வைக்கலாம். அது செத்த எடத்துல ஒடனே வேற குட்டி கொண்டாந்து விடாதீங்க, அந்தக் கிருமி மண்ணுல மாசக் கணக்கா, சில நேரம் வருஷத்துக்கு மேலயும் இருக்கும். சிமெந்துத் தரைய மொதல்ல சவுக்காரம் போட்டு தேச்சுக் கழுவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணி கலந்து ஊத்தி ஒரு பத்து நிமிஷம் விடுங்க.

பூச்சி மருந்து குட்டிக்கு 2 கெழமையிலயே ஆரம்பிக்கலாம், தாய்க்கும் சேத்து. பெரிய நாய்க்கு 3 மாசத்துக்கு ஒருக்கா. நெறைய எடைக்கு கொஞ்ச மருந்து குடுத்தா புழு சாவாது, அதனால நாயத் தூக்கிட்டு தராசுல ஏறுங்க, அப்புறம் தனியா ஏறுங்க, கழிச்சா நாயோட எடை. நாய்ப் பீயில இருந்து அந்தப் புழு புள்ளைங்களுக்கும் போகும், லயத்து முத்தத்துல வெறுங்கால்ல ஓடுற புள்ளைங்களுக்குத்தான் மொத ஆபத்து.

அட்டை, உண்ணி

கால்ல ஒட்டுற அட்டை பெரிய விஷயமில்ல, நெகத்தால வழிச்சு விடுங்க, கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், நின்னுரும். நம்ம பக்கத்துல பயப்பட வேண்டியது மூக்குக்குள்ள போற அட்டைக்கு. நாய் ஓடையில, ஊத்துல தண்ணி குடிக்குறப்போ நூல் மாதிரி சின்னதா உள்ள போயிரும், ரத்தத்தக் குடிச்சு உள்ளேயே பெருத்துரும். ஒரு மூக்குல மட்டும் விட்டு விட்டு ரத்தம் வரும், தும்மும், தலைய ஒதறும், முன்னங்காலால மூக்கத் தேய்க்கும். அடிபட்டிருக்கும்னு நெனச்சு நாள் கணக்கா விட்டுட்டு, ஈறு வெளுத்ததுக்கு அப்புறம் கொண்டு வருவாங்க. செய்ய வேண்டியது இதுதான்: சில மணி நேரம் நாய்க்கு தண்ணி காட்டாதீங்க, அப்புறம் ஒரு சட்டியில சுத்தமான குளுந்த தண்ணிய மூக்குக்குக் கீழ வச்சுப் பிடிங்க. தண்ணி வாசத்துக்கு அட்டை மெதுவா வெளிய எட்டிப் பாக்கும், கறுப்பா மினுமினுன்னு மூக்கு ஓட்டையில வந்து நிக்கும், தொட்டா சடக்குன்னு உள்ள போயிரும். வெறுங்கையில வழுக்கும், அதனால ஒரு துணியாலயோ இடுக்கியாலயோ பிடிச்சு அது விடுற வரைக்கும் மெதுவா இழுத்துப் பிடிச்சிருங்க, வெடுக்குன்னு இழுத்தா அறுந்துரும். வரலன்னா எங்ககிட்ட வாங்க, மயக்கம் குடுத்து எடுக்கலாம். உப்புத்தண்ணி, போயிலைத் தண்ணி, மண்ணெண்ணெய் எதையும் மூக்குக்குள்ள ஊத்தாதீங்க, அது நொரையீரலுக்குப் போனா அட்டைய விட பெரிய வருத்தம். வீட்டுல எப்பவும் ஒரு சட்டியில தண்ணி வச்சீங்கன்னா நாய் ஓடைக்குப் போறது பாதி கொறையும்.

உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்ல நாய் திங்காது, சோந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூத்திரம் பால் ஊத்தாத சாயத்தண்ணி கலர்ல போகும். அப்படிப் போனா அன்னிக்கே வாங்க. உண்ணிய இடுக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுங்க, பீடி நெருப்பால சுடாதீங்க. அப்புறம் இத கொஞ்சம் கோவமாவே சொல்றேன், மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்குற மருந்த தண்ணியில கலந்து நாயக் குளிப்பாட்டுறத விடுங்க. உருளைக்கெழங்குக்கும் லீக்ஸுக்கும் அடிக்குற பூச்சி மருந்து தோலு வழியா உள்ள போகும், நக்கினா இன்னும் மோசம், எச்சி கொட்டி ஒடம்பு நடுங்கி விழுந்துரும். அப்படி ஆயிட்டா ஒடனே நல்ல தண்ணியில சவுக்காரம் போட்டுக் கழுவி, மருந்து போத்தலயும் கையோட எடுத்துட்டு ஓடி வாங்க. உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்காதீங்க. சொறிக்கு பழைய எஞ்சின் ஒயில் பூசுறதும் இதே கணக்குதான், சொறிக்கு இப்ப நல்ல மருந்து இருக்கு, சில வகைச் சொறி மனுசனுக்கும் ஒட்டும். நாய்க்கு வாங்குற உண்ணி மருந்த பூனைக்குப் போடாதீங்க, அதுல பெர்மெத்ரின் இருந்தா பூனைக்கு விஷம்.

பெனடோலும் (பரசிட்டமோல் மாத்திரை) அப்படித்தான். நம்ம வீட்டுல எல்லாத்துக்கும் ரெண்டு பெனடோல், அந்தப் பழக்கத்துல பூனைக்கும் பாதி ஒடச்சுக் குடுப்பாங்க. அரைக் குளிசையே ஒரு பூனையக் கொல்லப் போதும். நாய்க்கும் நீங்களா அளவு பாத்துக் குடுக்காதீங்க, மனுசனுக்கு குடுக்குற நோவு மாத்திரை எதுவுமே வேணாம்.

சாப்பாடு விஷயத்துல நான் பெருசா சட்டம் பேச மாட்டேன், பாக்கெட் தீனி வெலைக்கு யாரும் வாங்க முடியாது. சோத்தோட அவிச்ச நெத்தலி (உப்ப நல்லாக் கழுவிட்டு), முட்டை, பூசணிக்கா போதும். காரக்கறி, வெங்காயம், சொக்லட், வெந்த கோழி எலும்பு மட்டும் வேணாம்.

குளிர், சிறுத்தை, கண்ணி

நுவரெலியா டவுன் 1,800 மீட்டருக்கும் மேல இருக்கு, தை மாசத்துல சில விடியக்காலை புல்லுல பனி உறைஞ்சு கெடக்கும். பொறந்த குட்டிக்கு மொத ரெண்டு மூணு கெழமை தன் ஒடம்ப தானே சூடு வச்சுக்கத் தெரியாது. குட்டி சில்லுன்னு இருந்தா பதறிப் போயி பால் ஊத்தாதீங்க, குளுந்த வயிறு செமிக்காது. மொதல்ல துணி சுத்தின சுடுதண்ணி போத்தல பக்கத்துல வச்சு மெதுவா சூடாக்குங்க, குட்டி அசைஞ்சு கத்த ஆரம்பிச்சதும் தாய்கிட்ட விடுங்க. படுக்க பழைய போர்வ, சாக்கு போடலாம், உரமும் மருந்தும் வந்த சாக்கு வேணாம்.

ராத்திரி நாயை வெளிய சங்கிலியில கட்டிப் போடுறவங்களுக்கு ஒண்ணு. தேயிலக்குள்ள சிறுத்தை நடமாடுற தோட்டம் நெறைய இருக்கு, கட்டிப் போட்ட நாய் அதுக்கு சுலபமான எரை. ஒரு தடவ நாயைத் தூக்கின சிறுத்தை திரும்ப லயத்துப் பக்கம் வரும், அப்புறம் மனுசனுக்கும் பயம் சிறுத்தைக்கும் ஆபத்து. இருட்டுனதும் இஸ்தோப்புல தகரம் அடைச்சாவது உள்ள போட்டுருங்க. பன்னிக்கு வைக்குற கண்ணியும் கூடவே சொல்லணும், 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை மாட்டி செத்ததும் அப்படி ஒரு கண்ணியிலதான். நாயும் மாட்டும். இடுப்புல கம்பியோட வந்தா வெளிய தெரியுறத மட்டும் வெட்டிட்டு விட்றாதீங்க, உள்ள இறுக்கின எடம் சில நாள் கழிச்சுதான் அழுகும், கொண்டு வந்து காட்டுங்க.

குட்டி போடாம இருக்க

பொட்ட நாய் பொதுவா வருஷத்துக்கு ரெண்டு தடவ பருவத்துக்கு வரும், 63 நாள்ல குட்டி. பொட்டக் குட்டிங்கள மட்டும் சாக்குல போட்டு டவுன் மார்க்கெட்டுலயும் கோவில் வாசல்லயும் விட்டுட்டு வர்றத எல்லாரும் பாத்திருக்கோம், பாவ புண்ணியம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊசி போடாத நாய்க் கூட்டம் அங்கதான் பெருகுது. 6 மாச வயசுலருந்து ஆபரேஷன் பண்ணலாம், மறுநாளே எந்திரிச்சு நடக்கும். பருவத்துக்கு வராம தடுக்குற ஊசி மலிவுன்னு திரும்பத் திரும்பப் போட்டா கர்ப்பப்பையில சீழ் கட்டும், அப்புறம் அதே ஆபரேஷன அவசரத்துல, ரெண்டு மடங்கு ஆபத்தோட பண்ண வேண்டி வரும். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரிக்கு அப்புறம் சோறு குடுக்காதீங்க. பக்கத்து வீட்டுக்கும் சொல்லி வைங்க, இல்லன்னா அங்க போயி ரொட்டி தின்னுட்டுத்தான் வரும்.

எங்ககிட்ட கொண்டு வர்றப்போ

அரசாங்க மிருக வைத்தியர் ஒஃபிஸ்ல டொக்டர் மாடு பாக்க ஃபீல்டுக்குப் போயிருப்பாரு, அதனால ஃபோன் போட்டுட்டு வாங்க. பெரிய ஆபரேஷன், ஸ்கேன்னா பேராதனை கெம்பஸ்ல மிருக ஆஸ்பத்திரி இருக்கு. ஓட்டோவுல வர்றப்போ நோவுல இருக்க நாய் வளத்தவங்களையே கடிக்கும், ஒரு பழைய பேண்டேஜ் துணிய மூஞ்சியில ஒரு சுத்து சுத்தி கீழ முடிஞ்சு காதுக்குப் பின்னால கட்டுங்க, வாந்தி எடுக்குற நாய்க்கும் மூச்சு வாங்குற நாய்க்கும் மட்டும் கட்டக் கூடாது. பூனைன்னா மூடியில ஓட்டை போட்ட பெட்டி. வாந்தி, கழிச்சல் எப்படி இருந்துச்சுன்னு ஃபோன்ல ஒரு படம் எடுத்துக்கோங்க, வாயால வெவரிக்குறத விட அது எனக்கு உதவும். வீட்டுல என்ன மருந்து குடுத்திருந்தாலும் மறைக்காம சொல்லுங்க, நான் ஏச மாட்டேன், கொஞ்சம் மொறைப்பேன் அவ்வளவுதான். நாய்க்குத் தெனம் சோறு வைக்குற ஆளே கூட வரணும், ஸ்கூல் விட்டு வந்த பொடியன்கிட்ட கயித்தக் குடுத்து அனுப்பிட்டா எத்தன நாளா திங்கலன்னு நான் யார்கிட்ட கேக்குறது?