கடலடியில் பைப் போட முதல் கரைவலை வாடிக்குப் போங்கள்

நான் கல்லடிக் கரையில் வளர்ந்தவன். அப்புறம் ஒன்பது வருசம் வளைகுடாவில், பைப் பதிக்கும் பார்ஜ் என்கிற தட்டைக் கப்பல்களில் சுற்றாடல் கண்காணிப்பு வேலை பார்த்தேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இந்த வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும், நாளைக்கு ஒரு திட்ட அறிக்கையைக் கையில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டிய மீனவர் சங்கங்களுக்கும் இதை எழுதுகிறேன். எரிவாயுக் குழாயோ கடல்நீர் எடுக்கிற குழாயோ, எதுவானாலும் எவ்வளவு சேதம் வரும் என்பது பாதையையும் மாதத்தையும் குறிக்கிற அன்றைக்கே பெரும்பாலும் முடிவாகிவிடும்.

முதலில் பாதை. ஒலியலையால் கடலடியை அளக்கிற சோனார் ஆய்வு செய்து அழகான வரைபடம் தருவார்கள். அதைச் சுருட்டிக்கொண்டு, கரையில் நின்று வலை இழுக்கிறவர்கள் தங்கும் கொட்டிலான கரைவலை வாடிக்குப் போங்கள், வலை இழுத்து முடிந்து ஆட்கள் இளைப்பாறுகிற நேரமாகப் பார்த்து. கல்லு எங்கே, சேறு எங்கே, வலை எந்த இடத்தில் கிழியும் என்று கேளுங்கள். வலை கிழிகிற இடத்தில் கல்லு இருக்கும், கல்லு இருந்தால் பவளமும் மீன்குஞ்சும் இருக்கும், அந்த இடத்தைப் பைப்பும் சுற்றித்தான் போக வேண்டும். பாசிக்குடாப் பக்கத்துப் பவளத்துக்கும், 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் குண்டுவீச்சில் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸுக்கும் கிட்டவே போகக் கூடாது. அந்தக் கப்பல் இன்றைக்கு மீன்களின் வீடு.

ஆய்வின் அகலத்தையும் பாருங்கள். பைப் பெரும்பாலும் ஒரு மீற்றர் அகலம்கூட இருக்காது. ஆனால் நங்கூரத்தில் நிற்கிற பார்ஜ் எட்டு, பத்து, பன்னிரண்டு நங்கூரங்களை இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளிப் போடும், சில வேளை ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் போடும். ஒரு தடவை ரிமோட் கமெரா எடுத்த வீடியோவில் பார்த்தேன்: பைப் போன இடம் வெறும் மணல், சேதமே இல்லை, அதற்கு வெகுதூரத்தில் நங்கூர வயர் உரசிப்போன தடத்தில், மேசையளவு பவளம் ஒன்று அடியோடு வெட்டுப்பட்டுக் குப்புறக் கிடந்தது, அடிப்பக்கத்து வெள்ளை மேலே தெரிய. ஆகவே நங்கூரம் விழும் இடம் முழுவதையும் ஆய்வில் சேர்க்கச் சொல்லுங்கள். கல்லு இருக்கிற பகுதியில் நங்கூரம் இல்லாமல் எஞ்சின் விசையாலேயே இடத்தில் நிற்கும் கப்பலைக் கேளுங்கள், முடியாது என்றால் வயர் தரையில் படாதபடி நடுவில் மிதவை கட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது மாதம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று, கடல் வேலைக்கு விடாது. கடல் அடங்கியிருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பார்ஜ்காரருக்கும் வசதி, கரைவலைக்கும் அதுதான் காலம். இந்த மோதல் எந்தத் திட்டத்திலும் வரும், மறைத்து வைக்காதீர்கள். எந்தக் கரையில் எத்தனை நாள் வேலை என்று சங்கத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். இழப்பீட்டை வேலை தொடங்க முதல் கொடுங்கள், வலை முதலாளிக்கு மட்டுமில்லாமல் வலை இழுக்கிற ஒவ்வொருவருக்கும்.

கரையைக் கடக்கும் இடத்தில் ஒலுவிலை மறக்க வேண்டாம். 2013 இல் திறந்த அந்தத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கரையோரமாக ஓடுகிற மணலை மறித்ததில், வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரித்துப்போனது, துறைமுக வாயோ மணலால் தூர்ந்தது. பைப்புக்காகக் கரையை வெட்டி மண் சரியாமல் தடுப்பாக இரும்புத் தகடு அடித்தால் அதுவும் சின்ன அலைதடுப்புச் சுவர்தான். முடிந்தவரை தரையிலிருந்து கடலடிக்குக் கீழால் துளை போட்டுக் கொண்டுபோங்கள், கரைவலையும் மேலே இழுக்கலாம். துளைக்குப் பாவிக்கிற பென்டனைற் களிக்கரைசல் நிலத்து வெடிப்புகள் வழியாகக் கசிந்து பவளத்தை மூடிவிடலாம். அமுக்கமானி திடீரென இறங்கினால் உடனே பம்பை நிறுத்திச் சுழியோடியை அனுப்புங்கள். கடலடியில் துளை வெளிவரும் கடைசி மீற்றர்களை வெறும் தண்ணீரில் துளையுங்கள்.

கலங்கல் விசயத்தில் ஒரு தந்திரம் நடக்கும். வாவியின் முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டி மழைவெள்ளம் கடலுக்குள் பாயும் நாட்களில் மட்டும் தண்ணீரை அளந்துவிட்டு, இங்கே இயல்பாகவே இவ்வளவு கலங்கல் என்று எழுதி, வேலையால் வரக்கூடிய கலங்கலின் எல்லையைத் தளர்த்திவிடுவார்கள். எல்லாப் பருவத்து அளவும் கேளுங்கள். சங்கமே அளக்கலாம்: வெள்ளைத் தட்டு ஒன்றைப் பாரம் கட்டிக் கயிற்றில் இறக்கி, எத்தனை மீற்றரில் கண்ணுக்கு மறைகிறது என்று ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கொப்பியில் குறித்து வந்தால் போதும்.

இரவு வேலையென்றால் கரைக்கு விளக்கடிக்கக் கூடாது, ஆமை ஏறும் பொத்துவில், பாணமைப் பக்கம் முக்கியமாக.

பைப்பின் பலத்தைச் சோதிக்க நிரப்பும் தண்ணீரைப் பலர் கவனிப்பதில்லை. உள்விட்டம் 60 சென்றிமீற்றர், நீளம் 10 கிலோமீற்றர் என்றால் சுமார் 28 இலட்சம் லீற்றர். துருப்பிடிக்காமலும் கிருமி வளராமலும் அதில் மருந்து கலப்பார்கள். தண்ணீர் உள்ளே நிற்கும் நாட்களைக் குறைத்தால் மருந்தும் குறையும். சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரை ஆழ்கடலில், மெதுவாக, பரவலாக விட வேண்டும்; வாவி முகத்துவாரத்துக்குக் கிட்ட விட அனுமதிக்காதீர்கள்.

சட்டப்படி கரையிலிருந்து உள்ளே 300 மீற்றரும் கடலுக்குள் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம், கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் கருத்துச் சொல்லக் கிடைப்பது 30 நாள்தான். முதல் வாரமே வாசித்து, எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கடலடியை மறுபடி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். கழித்துப்போட்ட வயர், கொன்கிரீட் துண்டு எல்லாம் மேலே வரட்டும். பைப் தரையில் படாமல் தூக்கி நிற்கும் இடங்களில் வலை மாட்டும், அவற்றை நிரப்ப வேண்டும். பைப் போகும் ஜிபிஎஸ் புள்ளிகளைத் தமிழில் அச்சடித்து, ஒவ்வொரு வாடியிலும் ஒட்டிவிட்டு வாருங்கள்.