மாமாவின் மூன்று சக்கர ஹோண்டாவுக்கு உயிர் கொடுத்த கதை: நீங்களும் செய்யலாம்

எங்கள் வீட்டு வண்டி ஹோண்டா ஏடிசி 110, 1980 மாடல். சாலைக்கானது அல்ல, மண்ணிலும் சேற்றிலும் ஓட்டுகிற வண்டி. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று மூன்று குண்டு டயர்கள், 105 சிசி எஞ்சின், கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். என் தாய்மாமா வாங்கியது. அவர் பிள்ளைகளும் நானும் அதில்தான் ஓட்டப் பழகினோம். பிறகு இருபது வருடத்துக்கும் மேலாகக் கொட்டகையில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. கடைசியாக அதை ஓட்டி வந்து நிறுத்தியது யார் என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள்.

இந்த வகை வண்டியை ஹோண்டா 1970-ல் 90 சிசி எஞ்சினோடு முதலில் கொண்டுவந்தது. 110 வந்தது 1979-ல். மூன்று சக்கரத்தில் விபத்துகள் பெருகியதால், அமெரிக்காவில் 1988-ல் கம்பெனிகள் அரசோடு ஒப்பந்தம் போட்டுப் புதிய வண்டி விற்பதையே நிறுத்திவிட்டன. அதனால் இன்று ஓடுகிற ஒவ்வொன்றும் யாரோ பழுதுபார்த்து வைத்திருப்பதுதான். என்னிடம் லேத் கிடையாது, நான் மெக்கானிக்கும் இல்லை. ஸ்பேனர் செட்டும் சனி ஞாயிறும் இருந்தன.

முதல் வேலையாகக் கழுவாதீர்கள். நான் கழுவித்தான் கெடுத்தேன். சீட்டைக் கழற்றி, அடித்தகட்டில் ஒட்டியிருந்த அழுக்கைத் தின்னர் துணியால் துடைத்தேன். பாதி துடைத்த பிறகுதான் அது அழுக்கு மட்டுமல்ல என்று தெரிந்தது. மாமா ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தேதிதான் மிஞ்சின. அவரிடம் சொன்னபோது, "போகட்டும் மாப்ள, அதுல பாதி நான் குத்துமதிப்பா எழுதினது" என்றார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

ஆகவே கை வைக்கும் முன் நாலு பக்கமும், சீட்டுக்குக் கீழும், மட்கார்டுக்கு உள்ளேயும் படம் எடுங்கள். எதைப் புதுசாக்குவது, எதை அப்படியே விடுவது என்று வண்டியை வைத்திருந்தவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். எங்கள் வண்டியில் இடது மட்கார்டு உடைந்த இடத்தை மாமா ஓட்டை போட்டுச் செம்புக் கம்பியால் தைத்திருந்தார். அதை மாற்றவில்லை. பெயின்டும் அடிக்கவில்லை. பெயின்ட் அடித்துவிட்டு எஞ்சினைப் பார்க்கலாம் என்று தொடங்கியவர்களின் வண்டிகள் பளபளவென்று நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வருட மாடல் என்பதை உறுதி செய்துகொள்ளாமல் பாகம் வாங்காதீர்கள். சேஸிஸ் எண்ணில் 17 எழுத்துகள் இருந்தால் பத்தாவது எழுத்து மாடல் வருடத்தைச் சொல்லும்: பி என்றால் 1981, சி என்றால் 1982. எங்களுடையதில் எண் அதைவிடச் சிறியது, ஆக 1981-க்கு முந்தியது. இதைப் பார்க்காமலே "ஏடிசி 110-க்கு" என்று போட்டிருந்த இக்னிஷன் பாகம் ஒன்றை வாங்கிவிட்டேன். பெயர் ஒன்றுதான், ஆனால் 1981-ல் பாயிண்ட் (பொறிக்கான மின்சாரத்தைச் சரியான நேரத்தில் துண்டிக்கும் தொடுமுனை) போய் சிடிஐ (அதே வேலையைச் செய்யும் மின்னணுப் பெட்டி) வந்துவிட்டது. வாங்கிய பாகம் இன்னும் டப்பாவில் கிடக்கிறது.

கருவியில் ஒன்றைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜப்பான் வண்டிகளின் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்கள் பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் அவை ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தர அளவு. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராது. திருப்பினால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். எஞ்சின் கவரில் மூன்றை அப்படி நாசமாக்கிய பிறகுதான் ஜேஐஎஸ் பிட்டும், சுத்தியலால் தட்டினால் திரும்புகிற இம்பாக்ட் டிரைவரும் வாங்கினேன். முதல் நாள் ராத்திரியே எல்லா ஸ்க்ரூவிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்க யாருக்குமே கை முதலில் ஸ்டார்ட்டர் கயிற்றுக்குத்தான் போகும். இழுக்காதீர்கள். பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துப்போயிருந்தால் கயிறு அறும், அல்லது ஸ்டார்ட்டர் உள்ளே உடையும். பிளக்கைக் கழற்றி, ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ஏடிஎஃப்) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஓட்டை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் ஊற்றி விட்டுவிடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் நெருப்பு கூடாது. பிறகு ஸ்டார்ட்டர் கவரைக் கழற்றி, ஃப்ளைவீல் (எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம்) நட்டில் ஸ்பேனர் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். பலம் காட்டவேண்டாம். எங்கள் எஞ்சின் அசைய ஆறு நாள் ஆனது. ஐந்தாம் நாள் நான் நீளமான குழாய் ஒன்றை ஸ்பேனரில் மாட்டியதை மாமா பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் குழாயைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அவர் செய்தது சரி.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடியுங்கள். இந்த எஞ்சினில் கழற்றி மாட்டும் காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலையும், சுழல்கிற வேகத்தில் அழுக்கை ஓரத்துக்கு ஒதுக்கும் கிண்ணம் ஒன்றும் வலது பக்கக் கவருக்குள் இருக்கும். அந்தக் கிண்ணத்தைத் திறந்தால் உள்ளே கறுப்பு மெழுகு போல அப்பியிருக்கும். சுரண்டி எடுத்து மண்ணெண்ணெயில் கழுவுங்கள். புது ஆயில் 10டபிள்யூ-40, டப்பாவில் ஜாசோ எம்ஏ என்கிற மோட்டார் சைக்கிள் ஆயில் தரக்குறி இருக்கவேண்டும். கிளட்ச் தட்டுகள் இதே ஆயிலில்தான் முழுகிக் கிடக்கின்றன. வழுவழுப்பு கூட்டிய கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

அடுத்தது டேப்பட், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். ஃப்ளைவீலில் இருக்கும் டி குறியைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். அப்போது இரண்டு ராக்கரும் லேசாக ஆடினால் சரியான இடம். ஆடாவிட்டால் இன்னொரு முழுச் சுற்று. இடைவெளி இரண்டுக்கும் 0.05 மி.மீ. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு இழுவையோடு வரவேண்டும்.

தீப்பொறி வரவில்லை என்றதும் பொறிக்கு மின்னழுத்தம் கூட்டும் காயிலைச் சந்தேகிக்காதீர்கள். இத்தனை வருடம் நின்ற வண்டியில் பாயிண்டின் முகத்தில் படலம் பூத்திருக்கும். நுண்ணிய எமெரி காகிதத்தை மடித்து நடுவே விட்டு இரண்டு இழுப்பு, பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த காகிதத்தால் இன்னொரு இழுப்பு. இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ. ஃப்ளைவீலின் எஃப் குறி கோட்டுக்கு வரும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்கவேண்டும். இதைச் செய்ததும் எங்கள் வண்டியில் நீலப் பொறி குதித்தது. என் மகள் கைதட்டினாள். நான் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன், அதனால் கொஞ்சம் நானும் குதித்தேன்.

அப்புறம் டேங்க். இரும்பு டேங்க், உள்ளே துரு. கெட்ட பெட்ரோலை முழுக்க வடித்து, சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை அலசி, ஆவி வாடை போன பிறகே மேற்கொண்டு வேலை. சிறு நட்டுகளை ஒரு கம்பியில் கோத்து உள்ளே போட்டுக் குலுக்கினேன். கோக்காமல் போட்டால் ஒன்றிரண்டு உள்ளேயே தங்கிவிடும். பிறகு டேங்க் நிறைய வினிகர் ஊற்றி ஒரு நாள். வடித்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசவேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அவசரம்தான்: ஈர இரும்பு கண் முன்னாலேயே மறுபடி துருப்பிடிக்கும். தலை உலர்த்தும் கருவியால் சூடு காற்று அடித்துக் காயவைத்து, உடனே சிறிது எஞ்சின் ஆயில் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். டேங்க் உள்ளே பூசும் வார்னிஷ் வகைகளை நான் தொடவில்லை. அது உரிந்தால் படலம் படலமாக வந்து குழாயை அடைக்கும்.

கார்புரேட்டர்தான் என் இரண்டு நாளைத் தின்றது. பழைய பெட்ரோல் உள்ளே பச்சைப் பிசினாக உறைந்திருந்தது. காற்று ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் அடைகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது அதே கணக்கு. பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டுகளைக் கிளீனரில் ஊறவைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சின்ன ஜெட்டின் ஓட்டை தலைமுடியளவுதான். மின் ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்தலாம். ஊசியாலோ எஃகுக் கம்பியாலோ குத்தினால் ஓட்டை பெரிதாகிவிடும், அதன் பிறகு எந்தச் சரிசெய்தலும் பிடிபடாது. முதலில் சுத்தம் செய்து மாட்டினேன், எஞ்சின் பிடித்தது, ஆனால் ஆக்சிலேட்டரை விட்டால் நின்றது. மறுபடி கழற்றினேன். சின்ன ஜெட் சுத்தமாகவே இருந்தது. அதற்கு மேலே கார்புரேட்டர் உடம்பில் இருக்கும் பாதைதான் அடைத்திருந்தது. ஒவ்வொரு துளையிலும் ஸ்பிரே அடித்து, அது வேறு எங்கே வெளியே வருகிறது என்று கண்ணால் பார்த்தால்தான் சுத்தம் என்று அர்த்தம். ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பார்த்துவிடுங்கள். எங்களுடையதில் எலி குடும்பம் நடத்தியிருந்தது.

கிளட்ச் தானாக இயங்குவது, லீவர் இல்லை. கியர் போடும்போது வண்டி முன்னால் பாய்ந்தால் வலது கவரில் இருக்கும் சரிசெய்யும் ஸ்க்ரூவைப் பாருங்கள். பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவை வலச்சுற்றாக ஒரு சுற்று, பிறகு லேசாகத் தடுக்கும்வரை இடச்சுற்றாக, அங்கிருந்து வலச்சுற்றாக 1/8 சுற்று. பூட்டிவிடுங்கள்.

பின் பிரேக்கைத் திறக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். தூசியை ஊதாதீர்கள், காற்றுக் குழாயால் அடிக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். இந்த வண்டிக்கு முன் பிரேக் கிடையாது. இருக்கிற ஒன்றில் கஞ்சத்தனம் வேண்டாம், ஷூவும் கேபிளும் புதிது போடுங்கள்.

பின் ஆக்ஸிலின் இரு முனையையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பேரிங் போய்விட்டது. பேரிங் மாற்றினால் ஆயில் சீலையும் சேர்த்தே மாற்றுங்கள். சேறு சீல் வழியாகத்தான் உள்ளே போயிருக்கும்.

டயரில் காற்று மிகக் குறைவாக இருக்கவேண்டும், 2 முதல் 3 பிஎஸ்ஐ வரைதான். பெட்ரோல் பம்ப் கேஜில் அது தெரியவே தெரியாது. குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் தனியாக வாங்குங்கள். சஸ்பென்ஷன் என்று ஒன்று தனியாக இல்லை, இந்தக் காற்றுதான் சஸ்பென்ஷன். இன்னொன்று: பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே ஆக்ஸிலில், ஒரே வேகத்தில் சுற்றுகின்றன. ஒரு டயர் சற்றே பெரிதாக இருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டையும் டேப் வைத்துச் சுற்றளவு அளந்து பாருங்கள்.

அந்த ஒற்றை ஆக்ஸிலால்தான் திரும்பும்போது வண்டி நேராகப் போகவே பார்க்கும். உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, எடையை வெளிப்பக்கக் கால்மிதியில் அழுத்தினால் திரும்பும். சாய்கிறதே என்று காலைத் தரையில் ஊன்றிவிடாதீர்கள். பின் டயர் உங்கள் காலின் மேலேயே ஏறும். சின்ன வயதில் எனக்கு ஏறியிருக்கிறது. ஹெல்மெட்டும் கணுக்கால் மூடும் பூட்ஸும் இல்லாமல் யாரையும் ஏற்றுவதில்லை, என் மகளை இன்னும் ஏற்றவே இல்லை.

ஸ்டார்ட் ஆன அன்று பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஆறியதும் எல்லா நட்டையும் மறுபடி பாருங்கள். எங்கள் வண்டியில் ஹேண்டில் கிளாம்ப்பின் இரண்டு போல்ட் தளர்ந்திருந்தன. இரண்டு மூன்று மணி நேரம் ஓடியதும் ஆயிலை ஒரு தடவை மாற்றிவிடுங்கள், உள்ளே ஊறிக் கிடந்த அழுக்கு அதில்தான் வரும். சீட்டின் அடியில் மூன்றாவது தேதியை நான் எழுதினேன்.

கொட்டகைக்குள் கொண்டுபோய் நிறுத்தி சுவிட்சை அணைக்கப் போனேன். மாமா நாற்காலியில் இருந்தபடியே கையைக் காட்டித் தடுத்தார். "சுவிட்ச்சைத் தொடாத. பெட்ரோல் குழாயை அடை. கார்புரேட்டர்ல இருக்கிறது தீர்ந்து அதுவா நிக்கட்டும்."

குழாயை அடைத்தேன். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து எஞ்சின் இருமி நின்றது. "அன்னைக்கே இப்படி நிறுத்தியிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சம் மாமா" என்றேன்.

"அன்னைக்குக் கடைசியா ஓட்டிட்டு வந்து நிறுத்தினது நீதான்டா" என்றார்.