ஏரிக்கு கலங்கல் கட்டணுமா? முதல்ல நீளத்தை கணக்கு போடுங்க

மண்கரை மேல தண்ணி ஏறி வழிஞ்சா கரை அறுத்துக்கிட்டு போயிடும், அதுக்குத்தான் கலங்கல், அதாவது ஏரி நிரம்பினப்புறம் உபரி தண்ணி பத்திரமா வழிஞ்சு போற கட்டுமானம். எல்லாரும் எத்தனை மூட்டை சிமெண்ட்னுதான் கேக்குறாங்க, எத்தனை மீட்டர் நீளம்னு யாரும் கேக்கறதில்ல.

பெருமழைல ஏரிக்கு செகண்டுக்கு எவ்வளவு வெள்ளம் வரும்னு கணிக்க நம்ம பக்கம் ரைவ்ஸ் ஃபார்முலாதான் வழக்கம். நீர்ப்பிடிப்பு பரப்பு, அதாவது மழைத்தண்ணி ஏரிக்கு வடிஞ்சு வர்ற நிலம், எத்தனை சதுர கிலோமீட்டர்னு பாத்து, அதை வர்க்கமாக்கி கனமூலம் எடுத்து, கடற்கரைல இருந்து 80 கிலோமீட்டருக்குள்ளன்னா 6.8ஆல பெருக்குங்க, அதைத் தாண்டி 160 வரைக்கும் 8.5, மலையடிவாரம்னா 10.2. கடலோர ஊர்ல 2 சதுர கிலோமீட்டர்னா செகண்டுக்கு 10.8 கனமீட்டர் வரும். கலங்கல் மேல அரை மீட்டர் ஒசரத்துக்கு ஓடினா ஒரு மீட்டர் நீளத்துல 0.6 கனமீட்டர்தான் போகும், ஆக 18 மீட்டர் வேணும். காசு மிச்சம்னு 9 மீட்டர்ல கட்டினா அதே வெள்ளம் 80 சென்டிமீட்டர் ஒசந்து நிக்கும், அந்த கூடுதல் 30 சென்டிமீட்டர் கரையோட பாதுகாப்பு ஒசரத்துல இருந்துதான் போகுது. அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேல கரை ஒரு மீட்டராவது இருக்கட்டும்.

இடம் கரையோட ஓரத்துல, இயற்கையான கெட்டி நிலத்துல பாருங்க, கொட்டின மண்ணு மேல வேண்டவே வேண்டாம். கலங்கலோட மேல்மட்டமும் ஏரி முழுசா நிரம்புற மட்டமும் ஒண்ணு, லெவல் மிஷின் வச்சே குறிங்க. அஸ்திவாரம் கெட்டித்தரைக்குள்ள இறங்கணும். பக்கச்சுவரை கரைக்குள்ள நல்லா நீட்டி, ஒட்டி வர்ற களிமண்ணை மெல்லிசா அடுக்கடுக்கா போட்டு ஈரப்படுத்தி இடிங்க, சுவரும் மண்ணும் சேர்ற இடத்துலதான் கசிவே ஆரம்பிக்கும்.

அடுத்து தண்ணி விழற இடம், பாதி பேர் கோட்டை விடறது இங்கதான். 2017 பிப்ரவரில கலிபோர்னியா ஓரோவில் அணையோட அவசர வழிகால்ல மேல கான்கிரீட் வரம்பு இருந்துச்சு, கீழ வெறும் மலைச்சரிவு. வழிஞ்ச தண்ணி அந்த சரிவை வரம்பை நோக்கி அரிச்சுக்கிட்டே வந்துச்சு, சுமார் 1,88,000 பேரை வெளியேத்த வேண்டியதா போச்சு. நம்ம ஏரிக்கு கீழ கான்கிரீட் தளம், தளம் முடியற இடத்துல ஆழமா ஒரு தடுப்புச்சுவர், அதுக்கப்புறம் பெரிய கருங்கல் பாவினா போதும். உபரி நீர் அடுத்த ஏரிக்கு போற ஓடையையும் தூர் வாருங்க.

கட்டினப்புறம் யாராவது மண்மூட்டை அடுக்கி கூட ஒரு அடி தேக்குவாங்க, மீனுக்கு குறுக்கால வலை கட்டுவாங்க, அதுல ஆகாயத்தாமரை வந்து அடைச்சுக்கும். ஐப்பசி பொறக்கறதுக்குள்ள ரெண்டையும் எடுத்துடுங்க, சண்டை வந்தாலும் பரவால்ல.