காற்று அறையும் இடத்தை எப்படி எழுதுவது

கதைகளுக்கு மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. அதில் நான் அடிக்கடி வட்டம் போடும் சொல் 'காற்றோட்டமான'. அது பாராட்டுச் சொல். சன்னல் வழியே காற்று இதமாக வந்து போகும் அறைக்குப் பொருந்தும். ஒதுங்க ஒரு மறைவில்லாத மலைமுகட்டை 'காற்றோட்டமான முகடு' என்று எழுதினால், அங்கே காலை நீட்டி உட்காரலாம் என்று வாசகர் நினைத்துவிடுவார்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அங்கே நிற்பவருக்கு அந்தக் காற்று வேண்டியதா, வேண்டாததா என்பது. வேண்டியது என்றால் 'காற்று வாங்கும் மாடி'. வேண்டாதது என்றால் வினையை மாற்றுங்கள்: காற்று அறையும் பாறை, காற்று சுழன்றடிக்கும் திடல். திறந்து கிடப்பதுதான் முக்கியம் என்றால் 'காற்றுக்கு மறைப்பில்லாத மேடு' போதும். வெட்டவெளி, பொட்டல் ஆகிய சொற்களுக்குள்ளேயே அந்த மறைப்பின்மை இருக்கிறது. அவற்றின் முன்னால் அடைமொழிகளை அடுக்க வேண்டாம்.

அடுத்தது காலம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். 'காற்று அறைந்த மேடு' என்றால் எப்போதோ ஒருமுறை அடித்து ஓய்ந்தது போலிருக்கும். 'காற்று அறையும் மேடு' என்று எழுதும்போது அது அந்த இடத்தின் இயல்பாகிவிடுகிறது. 'உம்' என்று முடியும் பெயரெச்சம் வழக்கத்தைச் சொல்லும். இடத்தை வருணிக்க அதுவே சரி. பேச்சில் 'காற்று அடிக்கிற இடம்' என்போம், அதுவும் பிழையில்லை. தலைமுடிக்கு மட்டும் இது நேர்மாறு: 'காற்றில் கலைந்த கூந்தல்' என்றுதான் வரவேண்டும். அங்கே நாம் சொல்வது காற்று செய்துவிட்டுப் போன வேலையை.

அப்புறம், அடைமொழியோடு நிறுத்திவிடாமல் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் கொடுங்கள். ஓயாமல் ஒரே திசையிலிருந்து காற்று அடிக்கும் இடத்தில் மரம் ஒழுங்காகக் கிளைக்காது. காற்று வரும் பக்கத்துத் தளிர்கள் உலர்ந்து கருகும். கடலோரம் என்றால் உப்பும் சேர்ந்து கருக்கும். மறுபக்கக் கிளைகள் மட்டும் நீண்டு, கம்பத்தில் பறக்கும் கொடி போல மரம் ஒருபுறமாக நிற்கும். புதர்கள் தரையோடு படிந்துவிடும். இதில் ஒன்றைச் சொன்னாலே இடம் கண்முன் வந்துவிடும்.

காற்றுக்கு நம்மிடம் திசைப்பெயர்கள் இருக்கின்றன. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. திசை தெரிந்தால் பெயரையே எழுதுங்கள். 'வாடை அறையும் முகடு' என்றால் குளிரும் கூடவே வந்துவிடும். தென்றலுக்கு 'அறையும்' ஒட்டாது. அது வருடும், தவழும்.

உரையாடலில் மட்டும் இவை எதுவும் வேண்டாம். "காத்து ஆளையே தள்ளுது" என்று பாத்திரம் சொல்லட்டும்.